'இடை' என்னும் சொல்லின் சுமை: இந்திய இடைக்கற்கால வாழ்விடங்கள் பற்றிய வாசிப்புகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படும் அறிமுக நூல்களில் பழைய கற்காலத்திற்குச் சில பக்கங்களும் புதிய கற்காலத்திற்குச் சில பக்கங்களும் ஒதுக்கப்பெறுகின்றன. இவ்விரண்டிற்கும் நடுவே இடைக்கற்காலம் ஒரு பத்தியில் வந்து மறைந்துவிடுகிறது. அப்பத்தியும் பெரும்பாலும் ஒரே பாங்கில் அமைந்திருக்கக் காண்கிறோம்: பனியூழி முடிந்தது, தட்பவெப்பம் மாறியது, மனிதன் மிகச் சிறிய கற்கருவிகளைச் செய்யத் தொடங்கினான், விலங்குகளைப் பழக்கினான், உழவை நோக்கி நகர்ந்தான். மாணவர் மனத்தில் பதிவது ஒரு பாலத்தின் படிமம். பாலத்தின்மீது யாரும் குடியிருப்பதில்லை; கடந்து போகவே செய்கின்றனர். ஆனால் அகழ்ந்தெடுக்கப்பட்ட வாழ்விடங்கள் சிலவற்றை ஊன்றி நோக்கும்போது அங்கே மக்கள் நிலையாக வாழ்ந்திருக்கின்றனர் என்பதும், இறந்தோரை அங்கேயே புதைத்திருக்கின்றனர் என்பதும், உழவை அவர்கள் நோக்கியிருந்தனர் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதும் புலனாகின்றன. இந்த முரண்பாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கங்கைச் சமவெளியின் மூன்று இடங்களை மையமாகக் கொண்டு, அவற்றைப் பற்றி எழுந்த விளக்கங்கள் எந்த அளவிற்குச் சான்றுகளின்மீது நிற்கின்றன என்பதை ஈண்டு மதிப்பிட முனைகிறோம். தென்கோடித் தேரி மணற்குன்றுகளுக்கும் இறுதியில் வருவோம்.

பெயரும் பொருளும்

கற்காலத்தைப் பழையது, புதியது என இரண்டாகப் பகுத்தவர் ஜான் லப்பக், ஆண்டு 1865. அடுத்த ஆண்டே ஹாடர் வெஸ்ட்ராப் என்பார் இவற்றிற்கு நடுவே மூன்றாவதொன்றை வைத்து அதற்கு 'மெசோலித்திக்' எனப் பெயரிட்டார். இச்சொல்லை அறிஞர் பலர் நெடுங்காலம் ஏற்கவில்லை. பழையதற்கும் புதியதற்கும் இடையே ஐரோப்பாவில் மனிதரே இல்லாத ஒரு வெற்றிடம் இருந்தது என்றுகூடச் சிலர் கருதினர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில்தான் அச்சொல் அங்கே நிலைபெற்றது. பனியூழியின் முடிவு ஒரு கரை, வேளாண்மையின் வருகை மறு கரை என ஐரோப்பியச் சூழலில் அதற்கு ஓரளவு தெளிவான எல்லைகள் இருந்தன.

இந்தியாவில் கதை வேறு. 1867-68ஆம் ஆண்டுகளில் ஏ. சி. எல். கார்லைல் விந்தியமலைப் பகுதியின் பாறைக் குகைகளில் நுண்கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பாறை ஓவியங்களையும் கண்டார். அன்று தொடங்கி, சிறிய கருவி கிடைத்த இடமெல்லாம் இடைக்கற்கால இடம் எனக் கொள்ளும் வழக்கம் வேரூன்றிவிட்டது. தமிழில் 'இடைக்கற்காலம்', 'நுண்கற்காலம்' என்னும் இரண்டு சொற்களும் ஒன்றுக்கு மற்றொன்றாக வழங்கிவருவதும் இதன் விளைவே. முன்னது காலவரிசையைச் சுட்டும் பெயர். பின்னது கருவியின் அளவைச் சுட்டும் பெயர். இரண்டும் ஒரே பொருளைக் குறிப்பன என்று கொள்வதற்கு இன்று இடமில்லை.

ஏனெனில், இலங்கையின் ஈரவலயக் குகைகளில் நுண்கற்கருவிகள் பனியூழியின் நடுப்பகுதிக்கே சென்றுவிடுகின்றன. பத்தொம்பலேனவில் சிரான் தெரணியகல நடத்திய ஆய்வுகளும் பின்வந்த ஆய்வுகளும் அவற்றை முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை எனக் காட்டின. பாகியன்லேனக் குகையில் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்னரே குரங்குகளையும் மரஅணில்களையும் வேட்டையாடியோர் நுண்கற்களைப் பயன்படுத்தினர் என்பதை 2019இல் வெளிவந்த ஆய்வு உறுதிப்படுத்தியது. ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் ஏறத்தாழ 35,000 ஆண்டுகள்; மத்தியப்பிரதேசத்தின் மேத்தாகேரியில் ஏறத்தாழ 45,000 ஆண்டுகள். ஆக, கருவி சிறுத்தது பனியூழி முடிந்ததால் என்னும் விளக்கம் தெற்காசியாவிற்குப் பொருந்தாது. ஒரு முக்கோணக் கல்லையோ பிறைவடிவக் கல்லையோ கையில் வைத்துக்கொண்டு அது இடைக்கற்காலத்தது என்று சொல்வது, ஓர் ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு அது எந்த நூற்றாண்டு வீட்டுக் கூரையினது என்று சொல்வதைப் போன்றதே.

நுண்கற்கருவி என்பது தனித்து நிற்கும் கருவியன்று என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். சால்செடனி, அகேட், செர்ட் போன்ற கற்களிலிருந்து மெல்லிய அலகுகளைப் பெயர்த்து, அவற்றின் ஒரு விளிம்பை மழுக்கி, மரத்திலோ எலும்பிலோ வரிசையாகப் பதித்து, பிசின் முதலியவற்றால் இறுக்கினர். ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். நாம் அருங்காட்சியகத்தில் காண்பது அக்கருவியின் பல் மட்டுமே, தாடை மக்கிப்போயிற்று.

கங்கைச் சமவெளியின் ஏரிக்கரைகள்

உத்தரப்பிரதேசத்தின் பிரதாப்கர் மாவட்டத்தில், கங்கைக்கு வடக்கே, ஆறுகள் தம் பழைய வளைவுகளைக் கைவிட்டுச் சென்றதால் உண்டான லாடவடிவ ஏரிகள் பல இருந்தன. அவற்றின் கரைகளில் சராய் நகர் ராய், மகாதகா, தம்தமா என்னும் மூன்று இடங்களை அலகாபாத் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தனர். முதலாவது 1970களின் தொடக்கத்திலும், இரண்டாவது அப்பத்தாண்டின் இறுதியிலும் ஜி. ஆர். சர்மாவின் தலைமையில் அகழப்பட்டன. தம்தமாவை 1982 முதல் 1987 வரை ஆர். கே. வர்மா, ஜே. என். பால் முதலியோர் அகழ்ந்தனர். மகாதகா வெளிப்பட்டது ஒரு கால்வாயை அகலப்படுத்தும் பணியின்போது என்பது குறிப்பிடத்தக்கது. நீர்ப்பாசனம் அதை நமக்குக் காட்டியது. அதன் ஒரு பகுதியைக் கொண்டும் போயிற்று.

இவ்விடங்களின் சிறப்பு அங்குள்ள கற்களில் இல்லை. எலும்பு அழியாமல் நின்றிருப்பதே அவற்றின் பெருஞ்செல்வம். இந்தியாவின் பெரும்பாலான நுண்கற்கருவி இடங்களில் மண் எலும்பைத் தின்றுவிட்டது. இங்கோ மனிதர் எலும்பும் விலங்கெலும்பும் அடுப்புகளும் ஒரே தளத்தில் கிடைக்கின்றன. தம்தமாவில் மட்டும் 41 புதைகுழிகள்; அவற்றுள் ஐந்தில் இருவரும் ஒன்றில் மூவரும் சேர்த்துப் புதைக்கப்பட்டிருந்தனர். சராய் நகர் ராயில் நால்வர் ஒரே குழியில் கிடந்தனர். உடல்கள் பெரும்பாலும் மல்லாந்த நிலையில், மேற்கில் தலைவைத்து நீட்டிக் கிடத்தப்பட்டிருந்தன. சிலருடன் நுண்கற்களும், மகாதகாவில் சிலருடன் எலும்பாலான வளையங்களும் அணிகளும், தம்தமாவில் ஒருவருடன் தந்தத்தாலான பதக்கமும் இருந்தன.

புதைகுழிகள் தனியிடத்தில் அமைக்கப்படவில்லை. வாழ்ந்த தளத்திலேயே, அடுப்புகளுக்கு அருகிலேயே இறந்தோர் கிடத்தப்பட்டனர். மகாதகாவை அகழ்ந்தோர் ஏரிப்பகுதி, விலங்குகளைக் கூறுபோட்ட பகுதி, குடியிருப்பும் புதைப்பும் அமைந்த பகுதி என மூன்றாகப் பிரித்துக்காட்டினர். இம்மூன்றாம் பகுதியின் பெயரிலேயே செய்தி அடங்கியிருக்கிறது. சில நாள் தங்கிச் செல்லும் கூட்டத்தாரும் வழியில் இறந்தவரைப் புதைப்பதுண்டு. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தில், ஒரே திசைநோக்கி, ஒரே முறையில் புதைத்துவருவது அவ்விடத்தோடு கொண்ட உறவைச் சொல்வதாகும்.

இனி விளக்கங்களுக்கு வருவோம். இச்சமவெளி வண்டல் மண்ணாலானது. கல் என்பதே கிடையாது. கருவிக்குரிய கற்கள் கங்கைக்குத் தெற்கேயுள்ள விந்தியப் பகுதியிலிருந்தே வந்திருக்க வேண்டும். இதைக் கொண்டு ஜி. ஆர். சர்மா ஒரு கருத்தை முன்வைத்தார். விந்தியப் பகுதியில் வறட்சி நிலவியபோது அங்கு வாழ்ந்தோர் உணவு தேடிக் கங்கையைக் கடந்து ஏரிக்கரைகளுக்கு வந்தனர். பருவம் மாறியதும் மீண்டனர் என்பது அக்கருத்து. தொடக்கநிலை ஆய்வில் இது இயல்பான ஊகமே. அவர் காலத்தில் கங்கைச் சமவெளியில் இத்தகைய இடங்கள் உள்ளன என்பதே புதுச்செய்தி. அதை முதலில் உலகிற்குக் காட்டியவர் என்ற முறையில் அவர் பணியின் பெருமை குறைவதில்லை.

எனினும் அவ்வூகத்தின் அடியில் ஒரு தாவல் இருக்கிறது. கல் பயணம் செய்தது என்பது சான்று. கல்லோடு ஊரே பயணம் செய்தது என்பது ஊகம். மலைப்பகுதியாரிடமிருந்து பண்டமாற்றாகவும் கல் வந்திருக்கலாம். சிலர் மட்டும் சென்று எடுத்தும் வந்திருக்கலாம். உமேஷ் சட்டோபாத்தியாய 1996இல் எழுதிய ஆய்வு விலங்கெலும்புகளையும் புதைகுழிகளையும் சேர்த்து நோக்கி, இவ்விடங்களில் மக்கள் ஆண்டு முழுவதும் வாழ்ந்திருக்கக்கூடும் என வாதிட்டது. மான் வகைகள், காட்டுப்பன்றி ஆகியவற்றோடு ஆமை, மீன், பறவை ஆகியனவும் அங்கே உணவாயிருந்தன. வேனிலில் சுருங்கும் ஏரியும் மழைக்காலத்தில் பெருகும் ஏரியும் வெவ்வேறு உணவைத் தரும். ஆனால் இரண்டு காலத்திலும் தரும். வலசை போக வேண்டிய தேவை என்ன என்பதே கேள்வி. தம்தமாவின் விலங்கெலும்புகளை ஆராய்ந்த பி. கே. தாமஸ் முதலியோர் வளர்ப்பு விலங்கு எதனையும் காணவில்லை. ஆக, உழவும் இல்லை, மந்தையும் இல்லை. நிலைத்த குடியிருப்பு மட்டும் உண்டு. 'உழவு வந்த பிறகே மனிதன் ஓரிடத்தில் தங்கினான்' என்று நாம் வகுப்பறையில் சொல்லிவரும் வாக்கியம் இங்கே தடுமாறுகிறது.

அம்மியும் குழவியும் கருகிய தானியங்களும் தம்தமாவில் கிடைத்துள்ளன. இதை வேளாண்மையின் முன்னோட்டம் எனக் காட்டுவோர் உண்டு. அரைத்தவரெல்லாம் விதைத்தவர் ஆகார். காட்டுப்புல்லின் விதையும் கிழங்கும் அரைபடத்தான் வேண்டும். இங்கு உடலே சான்று தருகிறது. ஜான் லூகாக்ஸும் ஜே. என். பாலும் இம்மக்களின் பற்களை ஆராய்ந்து, சொத்தை மிகக் குறைவாக இருப்பதையும் பற்கள் பெரியனவாக இருப்பதையும் எடுத்துக்காட்டினர். மாவுப்பொருள் மிகுந்த உழவர் உணவு பல்லில் விட்டுச்செல்லும் தடம் இவர்களிடம் இல்லை. கென்னத் கென்னடியின் ஆய்வு இவர்கள் நெடிய, உறுதியான உடலினர் எனக் காட்டியது. சராய் நகர் ராய் ஆடவரின் உயரம் ஏறத்தாழ 174 முதல் 192 செ.மீ. வரை கணிக்கப்பட்டுள்ளது. வறட்சிக்கு அஞ்சி அலைந்த பஞ்சக்கூட்டம் என்ற சித்திரத்திற்கு இவ்வுடல்கள் இசைவதாக நமக்குத் தோன்றவில்லை. அதே வேளையில் இவ்வாழ்வைப் பொற்காலமாக்கவும் வேண்டியதில்லை. முதுமை எய்தி இறந்தோர் இவர்களிடையே மிகச் சிலரே.

இன்னொரு விளக்கத்தையும் குறிப்பிட வேண்டும். சராய் நகர் ராயில் ஒருவரின் விலா எலும்பில் நுண்கல் முனை தைத்திருந்தது. வேறு சிலரின் எலும்புக்கூடுகளோடும் நுண்கற்கள் கிடந்தன. இவற்றைச் சேர்த்து, வேட்டை நிலங்களுக்காகக் குழுக்கள் போரிட்டன என எழுதப்பட்டு, அதுவே பாடநூல்களிலும் ஏறிவிட்டது. தைத்த முனை வன்முறையின் சான்று, அதில் ஐயமில்லை. உடலின் மீதோ பக்கத்திலோ கிடந்த முனைகள் படையலாகவும் இருக்கலாம். பின்னர் மண்ணோடு சரிந்து விழுந்தனவாகவும் இருக்கலாம். ஒருவர் அம்பால் இறந்தார் என்பதிலிருந்து ஒரு போரை வருவிப்பது, ஒரு கொலைவழக்கின் பதிவிலிருந்து படையெடுப்பை வருவிப்பதைப் போன்றது. ஒரே குழியில் இருவரையும் மூவரையும் நால்வரையும் வைத்த செயலுக்கும் நாம் விரைந்து காரணம் கற்பிக்கக்கூடாது. ஆணும் பெண்ணும் சேர்ந்து கிடந்தால் உடனே கணவன் மனைவி என்றும் உடன்கட்டை என்றும் எழுதிவிடும் கைகள் உள்ளன. அவ்வாறு எழுதுவோர் படிப்பது எலும்பையன்று, தம் சமூகத்தை.

காலக்கணிப்பிலும் இதே எச்சரிக்கை வேண்டும். சராய் நகர் ராயின் தொடக்ககாலக் கரிமக் கணிப்புகளுள் ஒன்று ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டு என்றது. மற்றொன்று மூவாயிரம் ஆண்டிற்கும் குறைவு என்றது. பல நூல்கள் முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிட்டன. பழமையானதே மெய்யானது என்னும் மனச்சாய்வு தமிழ் எழுத்தாளர்க்கு மட்டும் உரியதன்று போலும். பின்னர்த் தம்தமாவின் மனித எலும்புகளிலிருந்து முடுக்கி நிறமாலை முறையில் பெற்ற 8865, 8640 என்னும் இரண்டு கணிப்புகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. இவற்றை நாட்காட்டி ஆண்டுகளாக மாற்றினால் இன்றைக்கு 9,500 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலம் கிடைக்கிறது. முதற் கணிப்பே சரியாயிற்றே எனலாம். ஆனால் சரியான விடை கிடைத்தது என்பதற்காக, வேண்டாத எண்ணை ஒதுக்கிய முறை சரியாகிவிடாது.

இப்பகுதிக்கு வடகிழக்கே லகுராதேவா என்னும் ஏரிக்கரையூரில் கி.மு. ஏழாம் ஆயிரத்தாண்டின் நெல் கிடைத்துள்ளது என ராகேஷ் திவாரி குழுவினர் அறிவித்தனர். அது பயிரிட்ட நெல்லா, காட்டு நெல்லா என்னும் விவாதம் நிகழ்ந்துவருகிறது. நெல் தானே விளையும் ஏரிநாட்டில் அறுப்பதற்கும் விதைப்பதற்கும் இடையே எங்கே கோடு கிழிப்பது என்பது எளிய கேள்வியன்று.

மந்தையும் செம்பும்: பாகோர் தரும் பாடம்

இடைக்கற்காலத்தில்தான் விலங்குகளைப் பழக்கினர் என்பதற்குப் பாடநூல்கள் காட்டும் சான்றுகள் இரண்டு: மத்தியப்பிரதேசத்து ஆதம்கர், இராஜஸ்தானத்துப் பாகோர். ஆதம்கர்ப் பாறைக்குகையை 1960களில் ஆர். வி. ஜோஷியும் எம். டி. கரேயும் அகழ்ந்து ஏறத்தாழ 25,000 நுண்கற்களை எடுத்தனர். நாய், ஆடு, மாடு ஆகியவற்றின் எலும்புகளும் கிடைத்தன. அங்கே காலத்தைச் சொல்வது ஒரு கிளிஞ்சல் மாதிரி. அதுவும் பிற்காலப் பொருள்கள் கலக்க வாய்ப்புள்ள படிவிலிருந்து எடுத்தது. இவ்வளவு மெல்லிய கயிற்றில் இந்தியக் கால்நடை வளர்ப்பின் தொடக்கத்தையே கட்டித் தொங்கவிடுவது பொருத்தமாகாது.

பாகோர் அதனினும் உறுதியான இடம். கோத்தாரி ஆற்றங்கரை மணல்மேட்டில் 1968 முதல் 1970 வரை வீ. என். மிஸ்ரா அகழ்ந்தார். மூன்று கட்டங்கள் கண்டறியப்பட்டன. கி.மு. ஐந்தாம் ஆயிரத்தாண்டில் தொடங்கும் முதற்கட்டத்தில் நுண்கற்கள் மிகுதி. வேட்டை விலங்குகளோடு ஆட்டின் எலும்புகளும் உள. இரண்டாம் கட்டத்தில் மட்பாண்டம் வருகிறது, செம்பாலான அம்புமுனைகள் வருகின்றன, நுண்கற்கள் நின்றுவிடவில்லை. மூன்றாம் கட்டத்தில் இரும்பே வந்துவிடுகிறது. ஆட்டின் காட்டு மூதாதை மத்திய இந்தியாவில் இல்லாதது. எனவே பாகோரின் ஆடுகள் வளர்ப்பு ஆடுகள்தாம் எனில், அவை மேற்கேயிருந்து, ஏற்கெனவே மந்தை வைத்திருந்தோரிடமிருந்தே வந்திருத்தல் வேண்டும். பலுசிஸ்தானத்து மெஹர்கரில் கி.மு. ஏழாம் ஆயிரத்தாண்டிலேயே உழவும் மந்தையும் உள்ள ஊர் இருந்தது. பாகோரின் செம்பு முனைகளும் செம்புக்காலப் பண்பாடுகளோடு கொண்ட தொடர்பையே காட்டுகின்றன.

இதன் பொருள் என்ன? பாகோர்வாசிகள் உழவை நோக்கிய 'இடைநிலை'யில் இருந்தவர் அல்லர். உழவரும் நகரத்தாரும் அவர்க்கு அண்டை அயலார். அவர்களிடமிருந்து ஆட்டையும் செம்பையும் பானையையும் பெற்றுக்கொண்டு, தம் கல்லையும் வேட்டையையும் விடாது வாழ்ந்திருக்கின்றனர். குஜராத்தின் லங்நாஜிலும், சங்காலியாவும் ஐராவதி கார்வேயும் 1940களில் தொடங்கிய ஆய்வு மணற்குன்றில் வாழ்ந்தோரின் புதைகுழிகளையும், கல்லுடைக்கும் பட்டடையாகப் பயன்பட்ட காண்டாமிருகத்தின் தோள்பட்டை எலும்பையும் வெளிப்படுத்தியது. ஆமதாபாத்துக்கு வடக்கே இன்று வறண்டு கிடக்கும் நிலத்தில் காண்டாமிருகம் வாழுமளவு ஈரம் இருந்திருக்கிறது.

தமிழ் ஆய்வுலகிற்கு இவ்விவாதம் புதியதன்று. ஐந்திணையைப் படிமலர்ச்சியின் படிகளாகக் கண்டு, குறிஞ்சியில் வேட்டையாடிய மாந்தர் முல்லைக்கு இறங்கி மேய்ப்பராகி மருதத்தில் உழவரானார் என விளக்கும் மரபைப் பி. டி. சீனிவாச ஐயங்கார் போன்றோர் தொடங்கிவைத்தனர். இதை மறுபரிசீலனை செய்த கா. சிவத்தம்பி 1974இல் எழுதிய கட்டுரையில், திணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த படிகளல்ல, ஒரே காலத்தில் அருகருகே நிலவிய சமனற்ற வளர்ச்சி நிலைகள் என நிறுவ முயன்றார். குறிஞ்சியார் தேனும் கிழங்கும் கொடுத்து மீனும் கள்ளும் பெறும் உலகம் சங்கப் பாடல்களில் நமக்குப் பழக்கமானதே. பாகோரை வாசிப்பதற்கு ஐரோப்பிய 'மெசோலித்திக்'கைக் காட்டிலும் சிவத்தம்பியின் சட்டகம் கூடுதலாகப் பயன்படும் என்பது நம் கருத்து. இதைச் சொல்வதால் பாகோரில் திணை இருந்தது என்று சொல்வதாகாது. அருகருகே வாழும் வெவ்வேறு வாழ்முறைகளை வரிசையாக்கி ஏணிப்படியாக அடுக்காமல் பார்க்கும் பயிற்சி நம் இலக்கிய ஆய்வில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. அதைத் தொல்லியலுக்கு நீட்டலாம் என்பதே நாம் கூறவருவது.

மலேசியப் பள்ளி வரலாற்றுப் பாடத்திலும் இவ்வேணி உண்டு என்பதை ஆசிரியர்கள் அறிவர். இங்கே இடைக்கற்காலம் ஹோவாபின்ஹியப் பண்பாட்டோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. ஹனோயில் 1932இல் கூடிய மாநாட்டில் வரையறுக்கப்பட்ட அப்பண்பாட்டின் அடையாளம் உடைத்த கூழாங்கல், நுண்கல் அன்று. ஒரே பெயரின்கீழ் இந்தியாவில் விரல்நுனியளவுக் கல்லும் தீபகற்பத்தில் உள்ளங்கையளவுக் கல்லும் கற்பிக்கப்படுகின்றன. லெங்கோங் பள்ளத்தாக்கின் குனோங் ருந்து குகையில் 1990-91இல் சுரைனா மஜீத் குழுவினர் கண்டெடுத்த பேராக் மனிதரின் காலம் ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகள். அவரைப் பழைய கற்காலத்தின் கடைப்பகுதியில் வைப்போரும் உளர். ஹோவாபின்ஹியப் பண்பாட்டில் வைப்போரும் உளர். பிறவியிலேயே இடக்கை விரல் எலும்புகள் குறைபட்டிருந்த அவர் முதிர்வயதுவரை வாழ்ந்ததும், கால்கள் மடக்கி, கற்கருவிகளும் சிப்பிகளும் இறைச்சியும் உடன்வைத்துப் புதைக்கப்பட்டதும் எந்தப் பெட்டியில் வைத்தாலும் மாறாத செய்திகள். மாணவர் தேர்வில் எழுதுவதோ பெட்டியின் பெயரை மட்டுமே.

தேரியில் கிடைப்பதும் கிடைக்காததும்

தூத்துக்குடி, திருநெல்வேலிக் கடற்கரையை ஒட்டிய செம்மணல் தேரிகள் தமிழகத்தின் நுண்கற்கருவி இடங்களுள் புகழ்பெற்றவை. இராபர்ட் புரூஸ் பூட்டின் காலத்திலேயே இவை அறியப்பட்டிருந்தன. ஃபிரெட்ரிக் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956இல் எழுதிய கட்டுரையே இன்றளவும் அடிப்படை நூலாக விளங்குகிறது. சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம், குளத்தூர் முதலிய இடங்களின் குவார்ட்ஸ், செர்ட் கருவிகளை அவர்கள் வகைப்படுத்தினர். இருபுறமும் நுண்ணிதாகச் செதுக்கிய சிறுமுனைகள் இலங்கையின் பண்டாரவளைக் கருவிகளை ஒத்திருப்பதையும் கண்டனர். பழைய கடல்மட்டங்களைக் கணக்கிட்டு ஏறத்தாழக் கி.மு. 4000 எனக் காலம் குறித்தனர். அது கடல் உயர்ந்து தாழ்ந்த வரலாற்றைக் கொண்டு செய்த மறைமுகக் கணிப்பு. மணலையே நேரடியாக அளக்கும் ஒளிர்வுமுறைக் கணிப்புகள் அண்மைக் காலத்தில் செய்யப்பட்டு, தேரி மணற்படிவுகள் சிலவற்றின் தோற்றத்தை அதற்கும் முன்னே கொண்டு சென்றுள்ளன.

தேரிமக்கள் மீனவர், கடற்கரை ஏரிகளில் மீன்பிடித்து வாழ்ந்தோர் என்பது பல நூல்களில் உறுதிமொழியாகவே வந்துவிட்டது. இக்கூற்றின் ஆதாரம் இடத்தின் அமைவு மட்டுமே. செம்மணலில் எலும்பு நிற்பதில்லை, மீன்முள்ளும் நிற்பதில்லை. கங்கைக்கரையில் பல்லும் எலும்பும் சேர்ந்து பேசியபோதே விளக்கங்கள் இத்தனை முறை மாறின. இங்கோ பேசுவதற்குக் கல் ஒன்றே உள்ளது. இந்நிலையில் தேரிக்கற்களைச் செய்தோர் பேசிய மொழியையும் அவர்தம் இனத்தையும் உறுதிபடக் கூறும் கட்டுரைகள் தமிழில் வெளிவருவது வியப்பளிக்கிறது. பனியூழியில் கடல் தாழ்ந்து இலங்கையும் தமிழகமும் ஒரே நிலமாக இருந்தன. ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்புவரை அவ்விணைப்பு நீடித்தது. எனவே கருவித் தொழில்நுட்பம் இருகரைக்கும் பொதுவாக இருப்பது புரிந்துகொள்ளத்தக்கதே. அதற்குமேல் இக்கருவிகள் எதையும் சொல்லவில்லை. கல்லில் மொழியில்லை.

அவை சொல்லக்கூடியது வேறொன்று உண்டு. நுண்கல்லின் விளிம்பை உருப்பெருக்கியின்கீழ் வைத்தால், அது அறுத்தது புல்லா, தோலா, இறைச்சியா என்பதைத் தேய்மானத்தின் தன்மையைக் கொண்டு ஓரளவு அறியலாம். சில வேளைகளில் பிசினின் எச்சமும் மாவுத்துகளும் ஒட்டியிருக்கும். இலங்கைக் குகைகளின் எலும்புமுனைகளில் இத்தகைய ஆய்வுகள் நடந்து, 2020இல் வெளியான பாகியன்லேன ஆய்வு அவற்றை அம்புமுனைகள் என இனங்கண்டது. தேரிக்கருவிகளில் பெரும்பாலானவை காற்று மணலை வாரிச்சென்ற பின் மேற்பரப்பில் பொறுக்கப்பட்டவை. மணல் உராய்ந்து விளிம்பு மழுங்கியவை. ஆகவே இம்முறைக்கு உதவக்கூடியவை, மணலின் அடியில் கெட்டிப்பட்டுக் கிடக்கும் பழைய தளத்திலிருந்து அடுக்கு மாறாமல் எடுக்கப்படும் கருவிகளே. மணல் அள்ளாத, மரம் நடுவதற்காகக் கிளறாத தேரிப்பகுதிகளில்தான் அத்தகைய தளம் எஞ்சியிருக்க முடியும்.